ஆக்டினைப் பார்க்க ஆன்டிபாடியா, ஃபல்லாய்டினா?

ஆக்டின் என்பது செல்லுக்கு வடிவம் தரும் புரதம். அதை நுண்ணோக்கியில் பார்க்க, அதோடு ஒட்டும் பொருள் ஒன்று வேண்டும்: ஃபல்லாய்டின் என்ற சிறு மூலக்கூறு, அல்லது குறிப்பிட்ட புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி.

எதைப் பிடிக்கும்?
ஃபல்லாய்டின்: இழையாகக் கோர்த்த ஆக்டினை மட்டும். படம் பளிச்சென்று வரும்.
ஆன்டிபாடி: பெரும்பாலும் தனி மூலக்கூறையும் சேர்த்தே பிடிக்கும். பின்னணியும் சற்று ஒளிர்வதால் படம் மங்கும்.

எவ்வளவு வேலை?
ஃபல்லாய்டின்: சாயம் ஒட்டியே வருவதால் ஒரே படி, அரை மணி நேரம் போதும். நச்சுக்காளானிலிருந்து வந்த பொருள், கையுறை அவசியம்.
ஆன்டிபாடி: ஆக்டினைப் பிடிக்க முதலாவது ஆன்டிபாடி, அதைப் பிடிக்கச் சாயம் ஒட்டிய இரண்டாவது, நடுவே கழுவல் என்று நேரம் இழுக்கும்.

சாயமேற்றுமுன் செல்லை வேதிப்பொருளால் நிலைப்படுத்துவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மெத்தனால் ஆக்டின் இழையின் வடிவத்தைக் குலைத்துவிடும். அப்புறம் ஃபல்லாய்டின் ஒட்டாது. அதற்கு ஃபார்மால்டிஹைடுதான் சரி. ஆன்டிபாடிகளில் சில மெத்தனாலிலும் நன்றாகவே வேலை செய்யும். வாங்குமுன் தகவல் தாளைப் பாருங்கள்.

புரதங்களை எடைவாரியாகப் பிரித்து அடையாளம் காணும் வெஸ்டர்ன் பிளாட்டா? யோசிக்கவே வேண்டாம், ஆன்டிபாடிதான். புரதம் குலைந்த நிலையில் ஃபல்லாய்டினுக்கு வேலையில்லை. ஆக்டின் பட்டை 42 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) அருகே தெரியும்.

பீட்டா ஆக்டினா, மென்தசை ஆல்ஃபா ஆக்டினா என்று வகை பிரித்தறியவும் அதற்கென உள்ள ஆன்டிபாடியே வேண்டும். செல்லின் வடிவம், அழுத்த இழைகள் (செல்லுக்குள் ஓடும் ஆக்டின் கற்றைகள்) மட்டும் போதுமென்றால் நான் ஃபல்லாய்டினைத்தான் எடுப்பேன்.