ஏரிக்கும் ஓடைக்கும் அரசுப் பணம்: நூறு நாள் வேலையா, நமக்கு நாமேயா, நபார்டா?

எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டுப் பக்கம். மேலே கரடு, அதன் அடியில் மானாவாரிக் கொல்லைகள், நடுவே ஓர் ஓடை, கடைசியில் சின்ன ஏரி. மழை பெய்தால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து ஏரிக்கு வரும். பெய்யாவிட்டால் போர்வெல்லில் காற்றுதான் வரும். இதைச் சரிசெய்ய அரசுப் பணத்தை எங்கே போய்க் கேட்பது என்று அலைந்ததில் நூறு நாள் வேலை, நமக்கு நாமே, மத்திய அரசின் நீர்வடிப்பகுதித் திட்டம் (மழைநீர் ஒரே ஓடைக்கு வடிந்து சேரும் நிலப்பரப்புதான் நீர்வடிப்பகுதி), நபார்டு எனப்படும் வேளாண்மை, ஊரக வளர்ச்சி வங்கி என்று நான்கு வழிகள் தெரிந்தன. நாங்கள் போனது நபார்டு வழியில். கிராம நீர்வடிப்பகுதிக் குழுவில் கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான். படிக்கும்போது அதைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

சட்டென்று நினைவுக்கு வருகிறவற்றை முதலில் முடித்துவிடலாம். எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் ஒரு தடுப்பணை கேட்டு வாங்கலாம். பெயர்ப் பலகையும் சேர்ந்தே வரும். ஆனால் மேட்டில் மண் அரிப்பை நிறுத்தாமல் ஓடையில் மட்டும் அணை கட்டினால் சில மழைக்காலங்களிலேயே மண் மேவிவிடும். 15வது நிதிக்குழு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. கேட்க நன்றாக இருக்கும். மோட்டார் பழுதுக்கும் பைப் உடைப்புக்கும் போக மிஞ்சுவதை வைத்து ஒரு நீர்வடிப்பகுதியை எடுத்துச் செய்ய முடியாது.

மத்திய அரசின் நீர்வடிப்பகுதித் திட்டம் பிரதமரின் வேளாண் பாசனத் திட்டத்தின் ஒரு பிரிவு. சமவெளியில் ஹெக்டேருக்கு 22,000 ரூபாய், மலைப்பாங்கான இடத்தில் 28,000 ரூபாய் என்று அளவு வைத்திருக்கிறார்கள். மத்திய அரசு 60, மாநில அரசு 40 சதவீதம் போடுகின்றன. தொகையைப் பார்த்தால் இதுதான் பெரிது. சிக்கல் என்னவென்றால், இது ஊர் மனுப்போட்டு வாங்குகிற திட்டமில்லை. ஆயிரக்கணக்கான ஹெக்டேரை ஒரு தொகுப்பாக மாநிலமே தேர்ந்தெடுக்கும். உங்கள் ஊர் அதற்குள் விழுந்தால் அதிர்ஷ்டம். பக்கத்து ஒன்றியத்தில் இதில் வெட்டிய பண்ணைக்குட்டைகளைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கின்றன. எனக்கு அனுபவம் அவ்வளவுதான். உள்ளே இருந்து வேலை பார்த்தவர்கள் வேறு மாதிரி சொல்லக்கூடும்.

மாநில அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊர் கட்ட வேண்டும், மீதியை அரசு போடும். வெளிநாட்டில் நாலு பேர், திருப்பூரில் கம்பெனி வைத்திருக்கிற ஒருவர் என்று உள்ள ஊருக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஒரே ஓர் ஏரியைத் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிசெய்ய வேண்டும் என்றால் தயங்காமல் இதற்குப் போங்கள். எங்கள் ஊரில் பணமாகப் போடக்கூடியவர்கள் குறைவு. உழைப்பாகப் போடக்கூடியவர்கள் அதிகம். எங்களுக்கு இது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் நூறு நாள் வேலை. நீர் சேமிப்பு வேலைகளுக்கு நாட்டிலேயே அதிகம் செலவழித்த திட்டங்களில் ஒன்று. வரப்பு, அகழி, குட்டை, வரத்துக்கால்வாய் தூர்வாரல் எல்லாமே இதில் செய்யலாம். கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பணிப்பட்டியலில் சேர்த்தால் போதும். மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபை இதற்குப் பொருத்தமான நாள். ஆனால் கூலிக்கு 60, பொருளுக்கு 40 என்ற விகிதம் இருப்பதால் கல்லும் சிமென்ட்டும் அதிகம் தேவைப்படுகிற வேலைக்கு இழுபறிதான். கூலியும் எப்போதும் நேரத்துக்கு வருவதில்லை. 2025 ஜனவரியில் 1,056 கோடி ரூபாய் நிலுவையை விடுவிக்கச் சொல்லித் தமிழக முதல்வரே பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் இதற்கு மாற்றாகப் புதிய சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது: நாள் 125 ஆகிறது, பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 சதவீதத்தை ஏற்க வேண்டும். நீர்ப் பாதுகாப்பு வேலைகளுக்கு அதிலும் முன்னுரிமை உண்டு. மாநிலப் பங்கு எப்படி வரும் என்பது போகப் போகத்தான் தெரியும்.

இவ்வளவும் பணம் வாங்குவதைப் பற்றிய பேச்சு. எங்களை முடிவெடுக்க வைத்தது வேறொன்று: பணம் தீர்ந்த பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி.

ஊருக்குத் தெற்கே நூறு நாள் வேலையில் வெட்டிய ஒரு குட்டை இருக்கிறது. முதல் மழைக்கு நிரம்பி அழகாக இருந்தது. அடுத்த பெருமழையில் உபரிநீர் வழியின் ஓரத்தில் எலி வளை தோண்டிய இடம் அரித்து, ஆள் நுழைகிற அளவுக்குக் கரை உடைந்தது. அடைக்க வேண்டியது நாலைந்து வண்டி மண், கொஞ்சம் கல், இரண்டு பேர் வேலை. யார் அடைப்பது? ஊராட்சியைக் கேட்டால் பணி முடித்து எம்-புக் (வேலையை அளந்து எழுதும் பதிவேடு) எழுதியாகிவிட்டது, பழுதுக்குத் தனி எஸ்டிமேட் போட வேண்டும் என்றார்கள். அந்த எஸ்டிமேட் பட்டியலில் ஏறி, அனுமதி வந்து, ஆள் இறங்குவதற்குள் குட்டையில் சீமைக்கருவேலம் ஆள் உயரம் வளர்ந்துவிட்டது. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. திட்டத்தில் பழுதுபார்ப்பதற்கும் இடம் உண்டு, ஆனால் சின்ன உடைப்புக்கும் புதுப் பணிபோல எஸ்டிமேட்டும் அனுமதியும் வேண்டும்.

நபார்டு வித்தியாசப்படுவது இங்கேதான். அதன் நீர்வடிப்பகுதி மேம்பாட்டு நிதி 1999-2000இல் 200 கோடி ரூபாயோடு ஆரம்பித்தது. மத்திய அரசு பாதி, நபார்டு பாதி. மகாராஷ்டிரத்தில் ஜெர்மன் உதவியோடு நடந்த திட்டத்தின் பாடங்களை வைத்து உருவாக்கியதால், ஊரைப் பழக்காமல் பணத்தை இறக்குவதில்லை. முதலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் சிரமதானம், அதாவது கூலியில்லாத உழைப்பு, செய்ய வேண்டும். கரட்டில் ஆடு மாட்டைக் கண்டபடி மேயவிடக் கூடாது, மரம் வெட்டக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். இதெல்லாம் நடந்தால்தான் முழுத் திட்டம்.

முழுத் திட்டத்தில் வேலைக்கூலியின் ஒரு பகுதியை உழைப்பாளிகளே ஊர்ப் பங்காக விட்டுக்கொடுக்க வேண்டும். சுமார் ஆறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். “வேலையும் செய்யணும், கூலியிலயும் பிடிப்பீங்களா?” என்று எங்கள் குழுவில் முதலில் சண்டை பிடித்தவர் என் சொந்தச் சித்தப்பா. நியாயமான கேள்விதான். ஆனால் அப்படி விட்டதில் ஒரு பகுதி பராமரிப்பு நிதி என்று தனிக் கணக்கில் ஊர்ப் பெயரிலேயே நிற்கிறது என்பதை பாஸ்புக்கில் பார்த்த பிறகு அவர் குரல் இறங்கியது. இப்போது எங்காவது கல் வரப்பு சரிந்தால் குழு கூடுகிறது, தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதுகிறோம், வட்டியிலிருந்து எடுத்து ஆள் விட்டு அடைக்கிறோம். எஸ்டிமேட், ஓவர்சியர், அனுமதி எதுவும் இல்லை. சித்தப்பாவே கடப்பாரையோடு முன்னால் நிற்கிறார், தன் காசு என்பதால்.

இன்னொரு விஷயம், நெட் பிளானிங் என்கிறார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணிலும் நிலத்துக்காரரை வைத்துக்கொண்டே நடந்து, சரிவு, மண் ஆழம் பார்த்து, இங்கே மண் வரப்பு, இங்கே கல் வரப்பு, இங்கே பண்ணைக்குட்டை என்று எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குவார்கள். அலுப்பான வேலை. ஆனால் தன் நிலத்தில் எது வரும் என்று தானே ஒப்புக்கொண்டவர் அடுத்த வருடம் அந்த வரப்பை உழுது தள்ளமாட்டார். அதுவும் பராமரிப்பு தானே.

குறைகளையும் சொல்ல வேண்டும். தாமதம் ரொம்பவே அதிகம். இந்தக் கோடைக்குள் ஏரி சரியாக வேண்டும் என்கிறவர்கள் பக்கமே போகாதீர்கள். நல்ல தொண்டு நிறுவனம் ஒன்று கூட வர வேண்டும், கணக்கை அவர்களோடு சேர்ந்துதான் இயக்க வேண்டும். நிறுவனம் சொதப்பினால் திட்டமும் சொதப்பும். மேய்ச்சல் தடையில் அடி வாங்குவது ஆட்டுக்காரர்கள்தான். கரட்டை மொத்தமாக மூடாமல் பாதி பாதியாக மாற்றி மூடலாம் என்று பேசி முடித்த பிறகும் முகம் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். பராமரிப்புக் கணக்கின் வட்டி சின்ன உடைப்புக்குத்தான் தாங்கும். தடுப்பணையே பெயர்ந்து போனால் மறுபடி ஊராட்சி ஒன்றியத்திடம்தான் போய் நிற்க வேண்டும். குழுவில் இருக்கிற எங்கள் வயதுக்காரர்களுக்குப் பிறகு பொடிப்பசங்க அந்தப் புத்தகத்தை எடுப்பார்களா என்பதும் இன்னும் பார்க்காத கதை.

தண்ணீரின் தரம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மாவட்டத்தில் ஃபுளோரைடு பழைய தொல்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. குட்டைக்குப் பக்கத்துக் கிணறுகளில் மழைநீர் இறங்கினால் கொஞ்சம் நீர்த்துப்போக வாய்ப்பு உண்டு. அதைச் சொல்லி எந்தத் திட்டத்தையும் ஃபுளோரைடுக்கு மருந்து என்று ஊரில் விற்காதீர்கள். குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே சரி. கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கழிவுநீர் ஓடையில் கலப்பதைத் தடுக்க நூறு நாள் திட்டத்திலேயே உறிஞ்சுகுழி வெட்டலாம். இந்த ஒரு வேலைக்கு நபார்டைவிட அதுவே மேல், குழியும் சீக்கிரம் முடிந்துவிடும்.

நபார்டுக்குப் போவதாக இருந்தால் அதன் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பார்க்கும் முன் இரண்டு காரியம். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தையும் பட்டா விவரத்தையும் வாங்கி மேட்டு நிலம் யாருடையது என்று பாருங்கள். கரட்டின் உச்சி காப்புக்காடாக இருந்தால், எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அப்படித்தான், முதலில் வனச்சரகரிடம் பேச வேண்டும். வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே ஓர் அகழிகூட வெட்ட முடியாது. ஏரியின் ஆயக்கட்டையும், அதாவது அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பையும், பாருங்கள். 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத் துறை. யாரிடம் தடையின்மைச் சான்று கேட்பது என்பது இதை வைத்துத்தான். எங்கள் ஏரி ஒன்றியத்தினுடையது, சான்று சீக்கிரமே கிடைத்தது. வனத்துறைக் கடிதத்துக்குத்தான் ரொம்ப நாள் காத்திருந்தோம்.