தீபாவளிக்கு டேப்லெட்: யார் கைக்கு எது?

அம்மாவின் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு டேப்லெட் கிடக்கிறது. சில தீபாவளிகளுக்கு முன்னால் நான் வாங்கிக்கொடுத்தது. 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், விலை பத்தாயிரத்துக்குள். ஆறே மாதத்தில் சொந்தக்காரர்கள் அனுப்பிய படங்களும் வீடியோக்களும் இடத்தை அடைத்துவிட்டன. வீடியோ கால் வந்தால் மணி அடிக்கும். பச்சைப் பொத்தானைத் தொட்டால் திரை அப்படியே நிற்கும். அது அசைவதற்குள் கால் கட்டாகிவிடும். "எனக்கு இதெல்லாம் சரிவராதுப்பா" என்று சொல்லி அம்மா அதை உள்ளே வைத்துவிட்டார். கோளாறு டேப்லெட்டில், ஆனால் தனக்குத்தான் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். அது இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

அதனால் இந்த வருடம் அவசரப்படவில்லை. வீட்டில் நான்கு பேருக்குக் கொடுக்க வேண்டும்: அம்மா, கட்டடக்கலை முதல் வருடம் படிக்கும் அண்ணன் மகள், ஓய்வுபெற்ற தமிழாசிரியரான பெரியப்பா, தங்கையின் ஏழு வயதுப் பையன். நான்கு பேருக்கும் ஒரே மாடலை வாங்கினால் வேலை சுலபம். ஆனால் தேடத் தேட, ஒருவருக்குப் பொருந்துவது இன்னொருவருக்குப் பொருந்தவே இல்லை. இங்கே சொல்லும் விலைகள் அந்தந்த மாடல் இந்தியாவில் அறிமுகமானபோது இருந்தவை. பண்டிகைத் தள்ளுபடி, கார்டு ஆஃபர் எல்லாம் சேர்ந்தால் மாறும்.

அம்மாவுக்கு: ரெட்மி பேட் எஸ்இ, கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ்

காகிதத்தில் பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டிலும் 11 அங்குலத் திரை, 1920×1200 புள்ளிகள், 90 ஹெர்ட்ஸ், நான்கு ஸ்பீக்கர், இயர்போன் துளை, 1 டிபி வரை எஸ்டி கார்டு. எடைகூட ஏறக்குறைய ஒன்றுதான், 480 கிராம் சுற்று. ரெட்மி 2024 ஏப்ரலில் ரூ.12,999-க்கு வந்தது. சாம்சங் 2023 அக்டோபரில் ரூ.20,000-ஐ ஒட்டி வந்தது. அப்புறம் எதற்கு ஏழாயிரம் கூடுதல் என்று எனக்கும் தோன்றியது.

முதல் காரணம் உள்ளே இருக்கும் சிப். ரெட்மியில் ஸ்னாப்டிராகன் 680, சாம்சங்கில் 695. எண்ணில் பதினைந்துதான் வித்தியாசம், கையில் அதைவிட அதிகம். யூடியூபில் படம் ஓடும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு வாட்ஸ்அப் கால் வந்தால்தான் வேறுபாடு தெரிகிறது. ரெட்மி ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கிறது. எனக்கும் உங்களுக்கும் அந்த ஒரு கணம் பெரிய விஷயமில்லை. எழுபது வயதுக்காரர் அந்தக் கணத்தில் இன்னொரு முறை அழுத்துகிறார், அது வேறு எதையோ திறந்துவிடுகிறது. பீரோவுக்குள் போன டேப்லெட்டில் நடந்ததும் இதேதான்.

இரண்டாவது காரணம், என் வரையில் இதுதான் முடிவு செய்தது: அம்மா வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. 11 அங்குல ரெட்மி பேட் எஸ்இயில் சிம் போட முடியாது, வைஃபை மட்டும்தான். போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக்கொள்ளலாமே என்று கடையில் சொன்னார்கள். தினமும் காலையில் போனை எடுத்து, செட்டிங்ஸ் தேடி, ஹாட்ஸ்பாட் போட்டு, மறக்காமல் அணைக்க வேண்டும் என்று ஒரு வயதானவரிடம் சொல்வது பரிசு கொடுப்பதாக எனக்குப் படவில்லை. டேப் ஏ9 பிளஸ்ஸில் 5ஜி சிம் போடும் வகை இருக்கிறது. இன்னொரு எண்ணுக்கும் ரீசார்ஜ் செலவு வரும்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். இதே மாடலில் 4 ஜிபி ரேம், 64 ஜிபி வகையும் உண்டு. விலையைப் பார்த்து அதில் கை வைக்காதீர்கள், 8 ஜிபி, 128 ஜிபியே எடுங்கள்.

ரெட்மிக்கு உள்ள பெருமையையும் சொல்ல வேண்டும். பேட்டரி 8000 எம்ஏஎச், சாம்சங்கில் 7040. ஆனால் ரெட்மி 10 வாட்டில்தான் சார்ஜ் ஏறும். அடிமட்டம் போய்விட்டால் முழுசா ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குபவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை.

வாட்ஸ்அப் பற்றி ஒரு வார்த்தை. டேப்லெட்டில் அதை போன் கணக்கோடு இணைத்துக்கொண்டால் போதும், தனி எண் வேண்டாம். போன் அணைந்திருந்தாலும் டேப்லெட்டில் வேலை செய்யும். ஆனால் 14 நாளுக்கு மேல் போனில் வாட்ஸ்அப்பைத் திறக்காமலே இருந்தால் இணைப்பு தானாக அறுந்துவிடும். டேப்லெட் வந்த சந்தோஷத்தில் போனைத் தொடாமல் விட்டுவிடும் பெரியவர்கள் உண்டு, சொல்லி வையுங்கள். ஐபேடில் இந்த வசதி ரொம்ப நாளாக இல்லை. 2025 மே மாதம்தான் ஐபேடுக்கென்று வாட்ஸ்அப் வந்தது. "ஐபேடில் வாட்ஸ்அப் வராது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை நம்ப வேண்டாம்.

டைப் அடிக்க அம்மாவுக்கு வராது. அதற்கு ஆண்ட்ராய்டில் நல்ல வழி இருக்கிறது. கூகுளின் தமிழ்க் குரல் உள்ளீடு 2017-லிருந்தே உண்டு. மைக் படத்தைத் தொட்டு "மார்கழிக் கோலம் புள்ளி வச்சது" என்று அம்மா சொன்னார். திரையில் அப்படியே எழுத்தாக வந்து நின்றது. மறுபடியும் சொல்லிப் பார்த்தார், மறுபடியும் வந்தது. அப்புறம் அந்தக் கடையை விட்டு நகர்வதற்கே நேரமாகிவிட்டது.

அண்ணன் மகளுக்கு: ஐபேட், கேலக்ஸி டேப் எஸ்10 எஃப்இ

இங்கே கணக்கு வேடிக்கையாக வருகிறது. ஏ16 சிப் கொண்ட 2025 ஐபேட் ரூ.34,900. எஸ்10 எஃப்இ ரூ.42,999. எட்டாயிரம் குறைவாகத் தெரிகிறது ஐபேட். ஆனால் சாம்சங் பெட்டிக்குள் எஸ் பென் என்ற பேனா இருக்கிறது, ஐபேட் பெட்டிக்குள் பென்சில் இல்லை. யுஎஸ்பி-சி ஆப்பிள் பென்சில் ரூ.7,900. கூட்டிப் பாருங்கள்: 42,800. இரண்டுக்கும் நடுவில் 199 ரூபாய்தான்! பேனா தேவைப்படுகிறவருக்கு ஐபேட் மலிவு என்ற பேச்சே இல்லை.

அந்த 7,900 ரூபாய் பென்சிலிலும் ஒரு குறை. அழுத்தத்தை அது உணராது. மெல்லத் தொட்டாலும் அழுத்திப் போட்டாலும் கோடு ஒரே தடிமன். வகுப்புக் குறிப்பு எழுத அது போதும். படம் வரைகிறவருக்குப் போதாது. முதல் தலைமுறைப் பென்சில் அழுத்தத்தை உணரும். ஆனால் விலை ரூ.9,500, இந்த ஐபேடில் அதைச் சார்ஜ் செய்ய ஓர் அடாப்டரும் வேண்டும். எஸ் பென்னுக்கு எழுதுவதற்குச் சார்ஜே தேவையில்லை, அழுத்தத்தையும் உணரும்.

அண்ணன் மகளைக் கடைக்கே கூட்டிப்போனேன். ஐபேடில் ஒரு மாடிப்படியை வரைந்தாள். குனிந்து பக்கவாட்டில் பார்த்துவிட்டு, "சித்தப்பா, முனை ஒரு இடத்துல இருக்கு, கோடு ஒரு நூல் தள்ளி விழுது பாருங்க" என்றாள். சரியாகத்தான் கண்டுபிடித்தாள். இந்த அடிப்படை ஐபேடில் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கும் திரையும் ஒன்றோடொன்று ஒட்டப்படவில்லை, நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. விலை கூடிய ஐபேட் ஏர், ப்ரோ ஆகியவற்றில் அது கிடையாது. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் இதில் இல்லாததால் கடையின் டியூப் லைட் அவள் வரைந்த படிக்கட்டின் மேலேயே ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது.

ஐபேட் ஜெயிக்கும் இடங்களும் சாதாரணமானவை அல்ல. ஏ16 சிப்பின் வேகத்துக்கு எஸ்10 எஃப்இயின் எக்ஸினோஸ் 1580 ஈடாகாது. புரோகிரியேட் என்ற வரைகலை ஆப் ஒருமுறை காசு கொடுத்தால் போதும், மாதச் சந்தா கிடையாது. அது ஆண்ட்ராய்டில் இல்லவே இல்லை. ஆயுள் இன்னொன்று. 2020-ல் வந்த எட்டாம் தலைமுறை ஐபேடுக்கு 2025-ன் புதிய இயங்குதளமான ஐபேட் ஓஎஸ் 26 கிடைத்திருக்கிறது. மாணவர்களுக்கெனத் தனிச் சலுகை விலையும் ஆப்பிளில் உண்டு, கல்லூரியில் சேர்ந்திருந்தால் அதைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

சாம்சங் பக்கம் இருப்பவை ஹாஸ்டல் வாழ்க்கைக்குத் தோதானவை. எஸ்டி கார்டு போடலாம், ஐபேடில் முடியாது. தண்ணீரும் தூசியும் புகாத ஐபி68 தரம் இருப்பதால் மேஜையில் தண்ணீர் பாட்டில் சாய்ந்தால் பதற வேண்டாம். சிறிய ஊர்களில் சர்வீஸ் சென்டர் கிடைப்பதும் சாம்சங்குக்குத்தான் சுலபம். அவளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு போன் என்பதையும் சேர்த்துப் பார்த்தேன். போனும் டேப்லெட்டும் ஒரே குடும்பமாக இருந்தால் படம், கோப்பு, கணக்கு எல்லாம் இங்கிருந்து அங்கே போக மல்லுக்கட்ட வேண்டாம். ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைக்கென்றால் இதே காரணத்துக்காக ஐபேட்தான் வாங்கியிருப்பேன். இவளுக்கு எஸ்10 எஃப்இ.

பெரியப்பாவுக்கு: கிண்டில், 11 அங்குல டேப்லெட்

பெரியப்பாவுக்கு வேண்டியது படிக்க ஒரு பொருள், அவ்வளவுதான். உடனே நினைவுக்கு வந்தது, அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் பேப்பர்வைட். 211 கிராம்தான், இந்த டேப்லெட்டுகளின் எடையில் பாதிகூட இல்லை. படுத்துக்கொண்டு படிக்கலாம், கண் கூசாது, வாரக்கணக்கில் சார்ஜ் நிற்கும். தமிழ்ப் புத்தகங்கள் 2016 கடைசியிலிருந்தே கிண்டிலில் கிடைக்கின்றன. வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அவர் உண்மையில் என்ன படிக்கிறார் என்று அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து இறக்கிய பழைய பதிப்புகள். நூறு வருடத்துக்கு முந்தைய உரைநூல்கள், அவற்றின் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஸ்கேன் படம். எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து வராது, பக்கத்தையே இழுத்து இழுத்துப் பார்க்க வேண்டும். 7 அங்குலக் கிண்டிலில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மூலம் தெரிந்தது. அடிக்குறிப்பில் புள்ளி வைத்த எழுத்து எது, வைக்காதது எது என்று பிரிக்கவே முடியவில்லை. பாடபேதத்துக்காகவே அடிக்குறிப்பைப் படிக்கும் மனிதருக்கு இது உதவாது. மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் இருப்பதுபோல் எழுத்துருவில் உள்ள நூல்களை மட்டும் படிப்பவராக இருந்தால் கிண்டிலையே கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஸ்கேன் பக்கத்துக்கு ஐபேடின் திரை வடிவம் கைகொடுக்கிறது. சாம்சங், ரெட்மி திரைகள் சினிமாவுக்கு ஏற்ற நீளவாக்கு. நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாகிவிடும். ஐபேடை நிமிர்த்தினால் அகலம் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் கூடுதல். ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பக்கம் அந்த அளவுக்குப் பெரிதாகிறது, எழுத்தும் கூடவே பெரிதாகிறது. அங்குலத்துக்கு 264 புள்ளிகள் என்பதால் கூர்மையும் அதிகம், டேப் ஏ9 பிளஸ்ஸில் 206தான். அதே அடிக்குறிப்பை ஐபேடில் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு முகத்தருகே கொண்டுபோய், "ள் மேல புள்ளி இருக்கு. நான் இத்தனை நாளா ளன்னு படிச்சிட்டேன்" என்றார்.

அவர் எழுதவும் செய்வார். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் 2013-லிருந்தே உள்ளே இருக்கின்றன, எதையும் தனியாக இறக்க வேண்டாம். 2025-ல் செட்டிங்ஸ் உட்பட எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது. அவருக்குப் பென்சில் வேண்டாம், வீட்டில் வைஃபை இருக்கிறது. ரூ.34,900-லேயே முடிந்தது. சிம் வசதியுள்ள ஐபேடுக்குப் பதினைந்தாயிரம் கூடுதல், அதைத் தேவையில்லாமல் வாங்க வேண்டாம்.

தங்கையின் பையனுக்கு அதிகம் யோசிக்கவில்லை. அம்மாவுக்குச் சரிப்படாத ரெட்மி பேட் எஸ்இ இவனுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல. வீட்டில் வைஃபை இருக்கிறது, 128 ஜிபி போதும், கீழே போட்டாலும் மனசு ஆறும் விலை. நான்கு மூலையும் தடித்த ரப்பர் உறையும், தங்கை போனில் கூகுள் ஃபேமிலி லிங்க்கும் அவசியம். எத்தனை மணி நேரம், எந்த ஆப் என்பதை அவளே வைத்துக்கொள்ளலாம். இன்னும் மலிவாக, பெயர் தெரியாத கம்பெனி டேப்லெட் கண்ணில் படும். வைட்வைன் எல்1 என்ற, படங்களைத் திருட்டுப் பதிவிலிருந்து காக்கும் முறைக்கான சான்று இல்லாதவற்றில் நெட்ஃபிளிக்ஸ் போன்றவை எச்டி தரத்தில் ஓடாது, எவ்வளவு நல்ல திரையாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் வரும்.

நான்கையும் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னாலேயே பெட்டியைப் பிரித்துவிட்டேன். பிரிக்காத பெட்டிதான் பரிசுக்கு அழகு என்று தங்கை கோபித்துக்கொண்டாள். ஆனால் முதல் நாளே அப்டேட் இறங்க ஒரு மணி நேரம் காத்திருப்பதும், மறந்துபோன ஜிமெயில் பாஸ்வேர்டைத் தேடுவதும் வயதானவர்களுக்குப் பெரிய தடை. அம்மாவின் டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி, வாட்ஸ்அப், யூடியூப், கேமரா மூன்றை மட்டும் முதல் திரையில் விட்டு மற்றதை எடுத்துவிட்டேன். அரைக் கிலோவை அவர் மணிக்கட்டு தாங்காது, அதனால் நிற்க வைக்கும் உறை போட்டாயிற்று. வாட்ஸ்அப்பில் தங்கையின் பேரும் என் பேரும் மேலே நிற்கும்படி பின் செய்துவிட்டேன்.

தீபாவளியன்று காலை ஆறு மணிக்கே எனக்கு வீடியோ கால் வந்தது. எண்ணெய் வைத்த தலையோடு அம்மா, பின்னால் அடுப்படி. "பாரு, நானே போட்டேன்" என்றார்.