ஒரு சோகப் பாட்டைப் போட்டு ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸைச் சோதித்தால்

ரெக்கார்டு பிளேயரைச் சோதிக்கப் பலரும் அதிரடிப் பாட்டைத்தான் போடுகிறார்கள். அதில் எந்தப் பெட்டியும் பாஸாகிவிடும். பிரிட்டிஷ் ராக் குழு லெட் செப்பலினின் மூன்றாம் ஆல்பத்தில் (1970) முதல் பக்கத்து நான்காவது பாட்டான ‘சின்ஸ் ஐவ் பீன் லவ்விங் யூ’ அப்படி விடாது. சி மைனரில் ஊர்ந்து போகும் ப்ளூஸ், ஏழு நிமிடத்துக்கும் மேலே. மாடாய் உழைத்தவனை விட்டு அவள் நழுவிப் போகிறாள், கதை அவ்வளவுதான். ஒப்பாரியில் அழுகை சொல்லைவிட நடுவில் இழுக்கும் மூச்சில்தானே இருக்கும், இதிலும் அப்படியே: ஜிம்மி பேஜ் கிடாரை நிறுத்தும் இடங்களில், ஜான் பால் ஜோன்ஸின் ஆர்கன் அடங்கும் இடங்களில். பேஸ் கிடார்கூட இல்லை. ஜோன்ஸ் ஆர்கனின் கால் பெடலிலேயே அடிச்சுரம் பிடிக்கிறார். ஜான் பான்ஹமின் டிரம் பெடல் கீச்சிடுவதையும் நீக்காமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கீச்சு தனியாகக் கேட்க வேண்டும்.

எல்பி60எக்ஸ் பெல்ட்டில் ஓடும் முழுத் தானியங்கி. பட்டனை அழுத்தினால் ஊசி தாங்கும் கை தானே இறங்கும், பக்கம் முடிந்தால் தானே திரும்பும். மோட்டார், வேகத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் டிசி சர்வோ என்பதால் நம் ஊர் வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் சுருதி நகராது. நீட்டிப் பிடித்த ஆர்கன் சுரம் அலைந்தால் மின்சாரத்தைத் திட்டாதீர்கள், பெல்ட் முறுக்கிக்கொண்டிருக்கும். பிளேயரின் சுழல்தட்டைத் தூக்கி, பெல்ட்டை முறுக்கில்லாமல் மறுபடி மாட்டினால் சரியாகும்.

பின்னால் உள்ள சுவிட்சில்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். உள்ளேயே ஆம்ப் வைத்த சாதாரண ஆக்டிவ் ஸ்பீக்கருக்கு ‘லைன்’. ஆம்பில் ரெக்கார்டு பிளேயருக்கென்றே உள்ள ஃபோனோ உள்ளீடு இருந்து அதில் செருகினால் ‘ஃபோனோ’. மாற்றி வைத்தால் ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து வரும், இல்லையேல் கரகரவென்று உடையும்.

இதன் பெரிய குறை எடை: மூன்று கிலோகூட இல்லை. மர மேசையில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் ஆர்கனின் அடிச்சுரம் மேசை வழியே ஊசிக்குத் திரும்பி ‘ஊம்’ என்று குழம்பும். இதற்கு வெளியூர்க்காரர்கள் காசு கொட்டி அடித்தளம் வாங்குகிறார்கள். கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அந்தச் செலவே வேண்டாம். கிரானைட் பட்டறையில் 20 மி.மீ. கனத்தில் 40-க்கு 45 செ.மீ. வெட்டுத்துண்டு கேளுங்கள். ஏறத்தாழ 10 கிலோ வரும். கல்லை மட்டும் வைத்தால் போதாது. நான்கு மூலையிலும் வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்கும் ரப்பர் கட்டைகளைக் கொடுத்து, ரசமட்டம் வைத்துச் சமன் பாருங்கள். ஸ்பீக்கர் வேறு மேசைக்குப் போக வேண்டும். இதற்குப் பிறகுதான் டிரம்மும் ஆர்கனும் பிரிந்து கேட்கும்.

அடுத்த எதிரி தூசி. வெடிப்புச் சத்தம் இருந்தால் பெடலின் கீச்சு எது, அழுக்கு எது என்றே தெரியாது. ஒவ்வொரு முறையும் தட்டைத் துடைக்கும் கார்பன் ஃபைபர் பிரஷ். தட்டைக் கழுவுவதென்றால் போர் தண்ணீர் கூடவே கூடாது. தர்மபுரித் தண்ணீரின் உப்பு காய்ந்ததும் பள்ளத்திலேயே படியும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மைக்ரோஃபைபர் துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முறை. நடு லேபிள் நனையக்கூடாது.

இவ்வளவு செய்தும் ஒன்று தீராது. பாட்டு பக்கத்தின் பாதியில் தொடங்கி உள்வட்டத்தை நோக்கிப் போகிறது. வெளிவிளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் பள்ளம் உள்ளே வரவர 20-ஐ நெருங்கும். இதில் வரும் ஏடிஎன்3600எல் கூம்பு ஊசிக்கு அந்த நெருக்கமான வளைவுகள் முழுதாகப் பிடிபடாது. பாடகர் ராபர்ட் பிளான்ட் உச்சத்தில் கதறும்போது குரலின் ஓரம் கொஞ்சம் பிசிறடிக்கும், ‘ஸ்’ ஒலி சீறும். ஊசியின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கவும் இந்த மாடலில் வழியில்லை, ஊசியைப் பிடித்திருக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றவும் முடியாது. ஊசி மட்டும் தனியாகக் கிடைக்கும்.

தட்டு வாங்குகிறவர்கள் 2014-இல் வந்த 180 கிராம் மறுபதிப்பைப் பார்க்கலாம். ரீமாஸ்டர் பேஜின் மேற்பார்வையில் நடந்தது. சுழலும் சக்கரம் வைத்த அட்டையும் அதில் உண்டு. பழைய தட்டு என்றால் நான்காவது பாட்டின் தொடக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், கோடு விழுந்திருந்தால் வேண்டாம். அமைதியான அந்தத் தொடக்கத்தில் ஒரு கீறலையும் மறைக்கும் அளவுக்குப் பலத்த இசை இருக்காது.

கதறல் துல்லியமாக வேண்டும் என்பவர்கள் இந்தக் காசை ஒரு நல்ல ஹெட்ஃபோனில் போடலாம். பத்து, இருபது தட்டுகளோடு ஆரம்பிப்பவர்களுக்கு எல்பி60எக்ஸ் போதும், கல்லோடு சேர்த்து.