அல்சூர் பேச்சுப் பயிற்சி மையம்: எங்கள் அனுபவம்

பையனுக்கு இரண்டே கால் வயது, அம்மா, தண்ணி என்று பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். முதலில் போன ஒரு கிளினிக்கில் "ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று இரண்டே நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

அப்புறம்தான் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் இந்த மையத்துக்கு வந்தோம். பேச்சுப் பயிற்சி தரும் மேடம் முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவரச் சொன்னார். ஆண் பிள்ளைகள் லேட்டாகத்தான் பேசுவார்களா என்று நாங்கள் கேட்டதும் ஒரு தாளில் கட்டம் போட்டார். 100 பையன்களில் 12 பேர், 100 பெண் குழந்தைகளில் 5 பேர் தாமதம் என்று வைத்துக்கொள்வோம், பார்த்தால் இரண்டு மடங்குக்கு மேல், ஆனால் கை-வர்க்கச் சோதனை (வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று பார்க்கும் புள்ளிவிவரக் கணக்கு) போட்டால் 3.15தான் வருகிறது, தற்செயலாக இப்படி வர 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்று சொல்ல 3.84ஐத் தாண்ட வேண்டும், அதனால் தற்செயலாகவும் இருக்கலாம். அதே விகிதம் ஆயிரம் ஆயிரம் பேரில் வந்தால் மதிப்பு 31ஐத் தாண்டும். பெரிய ஆய்வுகளில் பையன்கள்தான் கொஞ்சம் அதிகம், சரி, ஆனால் அது கூட்டத்தின் கணக்கு, உங்கள் மகனைக் காக்க வைக்க அது காரணமே இல்லை, இரண்டு வயதில் 50 வார்த்தைகூட இல்லையென்றால் பையனோ பெண்ணோ பரிசோதிக்க வேண்டும் என்றார். இவ்வளவு பொறுமையாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம் என்பதாலும் தாமதம் வராதாம், தமிழை நிறுத்த வேண்டாம் என்றார், அதில் மாமியாருக்குப் பெரிய நிம்மதி.

சனிக்கிழமை ரொம்பக் கூட்டம், வார நாளில் போங்கள்.