ஸ்னோரன்னரில் செமி ட்ரெய்லர்: சாடில் மேல் இன்னும் தீராத கோபம்

"ஃப்ளீட்ஸ்டார் இருக்கு, அடுத்து பசிபிக் பி16 வாங்கி செமி ட்ரெய்லர் மாட்டவா?" ஸ்னோரன்னர் என்ற லொறி ஓட்டும் வீடியோ கேமில், முதல் பகுதியான மிச்சிகனில் காசு சேர்ந்ததும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. ஃப்ளீட்ஸ்டாரும் பி16உம் அதில் வரும் லொறிகள். 2020இல் வந்த விளையாட்டு என்பதால் எந்த லொறியில் என்ன இருக்கிறது என்று இங்கே விரிக்கவில்லை. சரக்கு போய்ச் சேருமா என்பதுதான் பேச்சு.

முதலில் கோபம். ஃப்ளாட்பெட் (லொறியின் முதுகில் சாமான் ஏற்றும் தட்டு) பூட்டினால் சாடில் (செமி ட்ரெய்லரின் முன்பக்கம் உட்காரும் பூட்டு) இல்லை, சாடில் பூட்டினால் ஃப்ளாட்பெட் இல்லை. மாற்றுவதென்றால் கராஜுக்குத்தான் போகவேண்டும். எல்லா மெப்பிலும் கராஜ் கிடையாது. செமி ட்ரெய்லர் சேற்றில் புதைந்துவிட்டால் அதைக் கழற்றிவிட்டு, இரண்டு சாமானையாவது முதுகில் ஏற்றிக்கொண்டு போக வழியில்லை. வெறும் தலையோடு திரும்பி வரவேண்டியதுதான். இத்தனை காலம் விளையாடியும் இது மட்டும் பழகவில்லை.

இதற்கு மேல் ஹை சாடில், லோ சாடில் என்று இரண்டு வகை. ட்ரெய்லரும் அதற்குப் பொருந்தவேண்டும். ட்ரெய்லர் கடையில் காசைக் கட்டிவிட்டு, பின்னால் எடுத்து எடுத்துப் பார்த்தும் பூட்டாமல் நிற்பவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காதவர்கள். எந்தச் சாடில் பூட்டியிருக்கிறீர்கள் என்று கராஜிலேயே பார்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

நியாயமும் சொல்லவேண்டும். ஃப்ளாட்பெட்டில் பெரும்பாலும் 2 இடம்தான். செமியில் 4, 5 கிடைக்கும். சில சரக்கில் ஒரு சாமானே ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும், அது இரண்டையும் தாண்டினால் நீளமான ட்ரெய்லர் இல்லாமல் முடியாது. இன்னொன்று, செமியின் பாரம் சாடில் வழியாக லொறியின் பின் சக்கரங்களில் அழுந்தும். அதனால் கெட்டியான தரையில் பிடிப்பு நன்றாக வரும். கேமின் இன்னொரு பகுதியான அலாஸ்காவில் வீதி கெட்டியாக இருக்கும் இடங்களில் பி16 இழுக்கும் இழுவையைப் பார்த்தால் மனசு குளிர்ந்துவிடும். அந்த எஞ்சின் பாரத்துக்குச் சளைப்பதே இல்லை.

வளைவு வந்ததும் கதை மாறும். கண்டி வீதியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் கொள்கலன் லொறி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை: தலை வெளியே போகும், வால் உள்பக்கத்தை வெட்டும். இறம்பொடை மாதிரியான கொண்டை ஊசி வளைவு தார் போடாமல் சேறாக இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள், மிச்சிகனின் ஸ்மித்வில் டேம் மெப்பில் உள்ள பாதைகள் அப்படித்தான். பி16க்குத் திரும்பும் வட்டம் மிகப் பெரிது, முன் சக்கர இழுவையும் கிடையாது. ஏற்றத்தில் பின்பக்கம் அழுந்த அழுந்த முன் டயர் லேசாகும். ஸ்டியரிங்கை எவ்வளவு முறித்தாலும் லொறி நேரே போகும். அந்த நேரத்தில் அக்சிலேட்டரை மிதித்தால் சக்கரம் சுற்றிச் சுற்றித் தனக்கே குழி தோண்டிக்கொள்ளும்.

அப்படி மாட்டினால் அக்சிலேட்டரை விடுங்கள். லோ கியருக்கு வாருங்கள். டிஃப் லொக் (இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுற்றவைப்பது) நேரே இழுக்க நல்லது, ஆனால் திரும்புவதைக் கெடுக்கும், டீசலும் கூடக் குடிக்கும். திரும்பவேண்டிய பக்கமாக முன்னால் உள்ள தடித்த மரத்தில், முன் வின்ச்சை (கம்பி வடத்தால் இழுக்கும் கருவி) கொஞ்சம் சாய்வாகப் பூட்டுங்கள். மெலிந்த மரம் முறியும். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, அடுத்த மரத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் ஓட்டோனமஸ் வின்ச் போட்டுவையுங்கள், எஞ்சின் நின்றுபோனாலும் அது இழுக்கும்.

லொறியை உயரத் தூக்கும் ஆசையில் சஸ்பென்ஷனை உயர்த்துவதும் பிழை. கல்லைத் தாண்டலாம், சரிவில் கவிழ்வதும் சுலபமாகிவிடும். ஃப்ளீட்ஸ்டாருக்கு ஏற்கெனவே அந்தக் குணம் இருக்கிறது, சரக்கோடு பக்கச் சரிவில் ஓட்டவே கூடாது. செயின் டயர் பனிக்கட்டிக்கு. சேற்றுக்கு மட் டயர்தான்.

தேயிலைத் தோட்டத்து வீதிகளில் கொழுந்து லொறி ஏன் குட்டையாக இருக்கிறது? நீளமாக இருந்தால் மலை வளைவில் திரும்ப முடியாது, அவ்வளவுதான். ஃப்ளாட்பெட் போட்ட ஃப்ளீட்ஸ்டார் அந்தக் கொழுந்து லொறிதான். 4 சாமான் கேட்கும் வேலைக்கு இரண்டு தடவை போகவேண்டும். ஆனால் செமியை ஒரு வளைவில் மீட்க ஆகும் நேரத்தில் அந்த இரண்டு தடவையும் போய் வந்துவிடலாம். தட்டையான வீதியும் நிறையச் சரக்கும் இருந்தால் மட்டும் பின் கொக்கியில் மாட்டும் ட்ரெய்லரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைக் கழற்றிவிட்டாலும் முதுகில் உள்ள சாமான் மிஞ்சும்.

பி16ஐ இவ்வளவு மெச்சிவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியும். இருந்தாலும் இன்றைக்குக் கேட்டால் என் பதில்: வாங்காதீர்கள். ஆசை அடங்காவிட்டால் வாங்கி ஓட்டிப் பாருங்கள். கேமின் சாதாரண மோடில் (ஹார்ட் மோடில் அல்ல) வாங்கிய விலைக்கே திருப்பி விற்கலாம். அந்தக் காசில் ஃப்ளீட்ஸ்டாருக்கு மட் டயர் போடுங்கள்.