மாணவர் கைக்காசில் பழைய கார்: மாருதி 800, பத்மினி, அம்பாசடர் – ஓர் ஒப்பீடு

கல்லூரியில் படித்துக்கொண்டே பழைய கார் ஒன்றை வாங்கிச் சீர்செய்ய நினைக்கும் சென்னை மாணவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வருபவை மூன்று வண்டிகள்: கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கருவி) வைத்த மாருதி 800, பிரீமியர் பத்மினி, அம்பாசடர். எது மலிவாகக் கிடைக்கும் என்றுதான் பெரும்பாலோர் முதலில் கேட்கிறார்கள். வாங்கும் விலையைவிட, வாங்கிய பின் தகரத்துக்கும் ஆர்.சி.க்கும் (பதிவுச் சான்று) ஆகும் செலவே மாணவரின் கையைக் கடிக்கும் என்பதால், இந்த ஒப்பீட்டை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கடற்காற்றும் மழைக்காலத் தேக்கமும் உள்ள ஊரில் காரின் முதல் எதிரி துரு. மூன்றுமே பாடியும் அடிச்சட்டமும் ஒன்றாக வெல்டு செய்யப்பட்டவை. எனவே தளத்தகடு அரித்துவிட்டால் கழற்றி மாற்ற வழியில்லை, வெட்டி ஒட்ட வேண்டும். இந்த ஊரிலேயே ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த ஹெரால்டு, தனிச் சேஸி (அடிச்சட்டம்) மீது போல்ட்டு போட்டுப் பூட்டிய பாடி கொண்டதால், இந்த விஷயத்தில் மூன்றையும் விட வசதியானது. ஆனால் அதன் உதிரிபாகங்களைத் தேடி அலையும் பொறுமை நான்காண்டுப் படிப்புக்குள் அடங்காது.

மாருதி 800-ஐப் பார்க்கப் போகும்போது கால்மிதியைத் தூக்கி, ஓட்டுநர் காலடித் தகட்டையும், பேட்டரி அமரும் தட்டின் அடிப்பகுதியையும், கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிய காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, பெயிண்டின் மேல் நகர்த்தினால், பள்ளத்தை மறைக்கும் பட்டிப் பூச்சு தடிமனாக அப்பிய இடத்தில் அது ஒட்டாமல் வழுக்கும். அப்படி வழுக்கும் வண்டியின் எஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அதை விட்டுவிடுவதே நல்லது. பாடி நன்றாக இருந்து எஞ்சின் செத்துக் கிடக்கும் 800-தான், என் கணிப்பில், மாணவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல பேரம். ஏனென்றால் அந்த எஞ்சினைச் சரிசெய்வது டிங்கரிங், பெயிண்டிங் வேலையைவிடச் செலவு குறைந்தது, கற்றுக்கொள்ளவும் உகந்தது.

800-இன் எஞ்சின் 796 சி.சி., மூன்று சிலிண்டர்கள் மட்டுமே. லேத்தில் சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து, சற்றுப் பெரிய ‘ஓவர்சைஸ்’ பிஸ்டன் போடுவதென்றால் மூன்று பிஸ்டன்களுக்கும் மூன்று செட் ரிங்குகளுக்கும் காசு கொடுத்தால் போதும். பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினுக்கும் அம்பாசடரின் 1489 சி.சி. எஞ்சினுக்கும் நான்கு நான்கு தேவை. ஆம்னி வேனிலும் இதே குடும்பத்து எஞ்சின் நெடுங்காலம் இருந்ததால், பழைய உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டையில் 800-க்கான உதிரிபாகம் கேட்டு நிற்பவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது. பன்னிரண்டு அங்குல டயரை ஆல்டோவும் பயன்படுத்தியதால் அதற்கும் பஞ்சமில்லை.

பத்மினியின் அழகை 800-ஓடு ஒப்பிடுவதே அநியாயம். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கியர் கம்பியைப் பிடித்து ஓட்டியவர்களுக்கு வேறு கார் ருசிப்பதில்லை. ஆனால் அந்தக் கியர் இணைப்பின் புஷ்கள் (மூட்டுகளில் இருக்கும் சிறு வளையங்கள்) தேய்ந்தால் எந்தக் கியர் விழுகிறது என்பது ஊகமாகிவிடும், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னில் ஆட்டம் இருந்தால் லேத்காரரைத் தேடிப் போக வேண்டும், பிரேக்கும் நான்கு சக்கரங்களிலும் டிரம்தான். அம்பாசடரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: எதையும் தாங்கும், இடம் தாராளம், பெட்ரோலும் அதே தாராளத்தோடு குடிக்கும்.

இனி காகிதச் செலவு. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம், வரி நீங்கலாக, 1000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, 1500 வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. ஆகவே 1817 சி.சி. இசுசு எஞ்சின் வைத்த பிற்கால அம்பாசடர் வாங்குபவர், 800 வைத்திருப்பவரைப் போல மூன்று மடங்குக்கும் மேல் கட்டுகிறார். இருபது ஆண்டைத் தாண்டிய கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக உயர்த்தப்பட்டது. இதில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்படாமல் இருக்கிறதா, சேஸி எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்பதை முன்பணம் கொடுக்குமுன் பார்த்துவிட வேண்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட உரிமையாளர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும்தான். ஐம்பது ஆண்டு கடந்த பத்மினிக்கு ‘வி.ஏ.’ என்ற விண்டேஜ் எண் வாங்கலாம் என்று ஆசை காட்டுவார்கள். அந்த எண்ணோடு அன்றாடம் கல்லூரிக்குப் போக விதி இடம் தராது.

மாற்றியமைப்பதா, பழையபடியே மீட்பதா என்ற போட்டியில் சட்டம் மீட்பவர் பக்கமே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்களைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நிறத்தை மாற்றலாம், ஆர்.சி.யில் பதிய வேண்டும். ஜி.பி. ரோட்டில் பளபளக்கும் அகல அலாய் சக்கரத்துக்கும் சத்தமிடும் சைலன்சருக்கும் ஒதுக்கும் பணத்தில், பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், நான்கு புது டயர் ஆகியவற்றில் பெரும்பகுதி முடிந்துவிடும். இப்போது விற்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால், பெட்ரோல் ஹோஸ்களையும் கார்பரேட்டர் கிட்டையும் எந்த வண்டியானாலும் முதல் வாரத்திலேயே மாற்ற வேண்டும். அதன் பின்னும் எதையாவது மாற்றியே தீர வேண்டும் என்று கை அரித்தால், பல்பைத் தொடாமல் முன்விளக்குக்கு ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் துணைச் சுவிட்ச்) வைத்து, சுவிட்ச் வழியாகச் சுற்றிவரும் மின்சாரத்தை பேட்டரியிலிருந்து தடித்த வயரில் நேரே கொண்டுவரலாம். விளக்கு பளிச்சென்று எரியும், எஃப்.சி. எனும் தகுதிச் சோதனையிலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.