குடும்ப வரலாற்று நூல்: எதை ஆய்வாளரிடம் கொடுப்பது, எதை நாமே செய்வது?

குடும்ப வரலாற்றை நூலாக்க மூன்று வழிகள் இருக்கின்றன. தேடுவது, எழுதுவது, அச்சிடுவது என அனைத்தையும் ஒரு தொழில்முறை வம்சாவளி ஆய்வாளரிடமே ஒப்படைக்கலாம். எல்லாவற்றையும் குடும்பமே செய்யலாம். அல்லது, சிக்கலான சில கேள்விகளுக்கு மட்டும் மணிக்கணக்கில் ஆய்வாளரை அமர்த்திவிட்டு, மீதியை வீட்டார் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான குடும்பங்களுக்கு மூன்றாவது வழிதான் பொருந்தும். செலவு குறைவு என்பது அதற்கு ஒரு காரணம்தான். வேலையின் இயல்பே அப்படிப் பிரிந்து கிடக்கிறது.

பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்வதை வெளியாளிடம் விடக் கூடாது. காப்பகத்து ஆவணம் அடுத்த ஆண்டும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும்; எண்பது வயது நினைவு அப்படிக் காத்திருக்காது. எந்தப் பெரியம்மாவிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டால் பேச்சு நின்றுவிடும் என்பதும் வீட்டாருக்குத்தான் தெரியும். ஒரு அமர்வு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். கையில் பழைய புகைப்படங்களைக் கொடுத்துப் பேசவிடுங்கள். “எந்த வருடம்?” என்றால் தோராயமான பதில்தான் வரும், “அப்போது மூத்த பிள்ளை பிறந்தாயிற்றா, எந்த வீட்டில் இருந்தீர்கள்?” என்றால் ஆவணத்தோடு ஒப்பிடக்கூடிய பதில் வரும். பதிவின் மூலக் கோப்பை வெட்டாமல், திருத்தாமல், இரண்டு வேறு இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.

ஆவணத் தேடலை நாமே செய்வது முன்பைவிட எளிதுதான். 1938-இல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் (சிறிய படச்சுருளில்) படமெடுக்கத் தொடங்கிய அமைப்பின் வழிவந்த ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி ஆவண இணையதளம், சுமார் 24 லட்சம் சுருள்களை டிஜிட்டலாக்கும் பணியை 2021-இல் முடித்தது. கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. ஆனால் எல்லாப் படங்களும் வீட்டிலிருந்தே திறக்காது. சிலவற்றை அவர்களுடைய மையங்களில்தான் பார்க்க முடியும். பலவற்றுக்குப் பெயர் அட்டவணையே கிடையாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். தேடல் பெட்டியில் பெயர் வரவில்லை என்பதால் ஆவணமே இல்லை என்று முடிவு கட்டுவதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் பிழை.

இதைவிட ஆபத்தானது, இணையத்தில் பிறர் ஏற்றிய வம்சாவளிகளை நம்புவது. ஐந்து பேர் ஒரே பிறந்த தேதியைக் கொடுத்திருந்தால் அது ஐந்து சான்று ஆகாது. நால்வர் ஒருவரைப் பார்த்து எழுதியிருக்கலாம். ஒரே ஊரில், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் இருவர் இருந்தால் குழப்பம் இன்னும் பெருகும். மனைவி பெயர், தொழில், சாட்சிக் கையெழுத்து இட்டவர்கள், நில எல்லையில் வரும் அண்டை வீட்டார் ஆகியவற்றை அடுக்கிப் பார்த்துத்தான் இருவரையும் பிரிக்க முடியும்.

அந்த இடத்தில்தான் தொழில்முறை ஆய்வாளர் தேவைப்படுகிறார். அமெரிக்காவில் 1964-இல் உருவான வம்சாவளி ஆய்வாளர் சான்றளிப்பு வாரியம் வகுத்த நிரூபண அளவுகோல் ஐந்து அம்சங்களைக் கேட்கிறது: போதுமான அளவு முழுமையான தேடல், ஒவ்வொரு செய்திக்கும் சரியான மூலக்குறிப்பு, சான்றுகளை ஒப்பிட்டு அலசுதல், முரண்களைத் தீர்த்தல், காரணங்களோடு எழுதப்பட்ட முடிவு. நாமே தேடும்போது பெரும்பாலும் நான்காவதில்தான் தடுக்கி விழுகிறோம். பிடித்த ஆவணத்தை வைத்துக்கொண்டு, இடிக்கிற ஆவணத்தை ஒதுக்கிவிடுகிறோம்.

“எங்கள் பரம்பரையை முழுக்கக் கண்டுபிடியுங்கள்” என்று வேலை கொடுத்தால் நேரம் கரையும், விடை வராது. “இன்னாருடைய பெற்றோர் யார்? 1890-க்கு முன் அவர் எங்கே இருந்தார்?” என்பது நல்ல கேள்வி. அதோடு, ஏற்கெனவே பார்த்துவிட்ட ஆவணங்களின் பட்டியலையும் கொடுங்கள். இல்லாவிட்டால் அதே தேடலுக்கு மறுபடி பணம் போகும். முதலில் பத்துப் பதினைந்து மணி நேரத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டு, அறிக்கையைப் பார்த்த பிறகு நீட்டிக்கலாம். எங்கெல்லாம் தேடிக் கிடைக்கவில்லை என்பதும் அறிக்கையில் இருக்க வேண்டும். விடை நிச்சயம் கிடைக்கும் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுப்பவரைத் தவிர்த்துவிடுங்கள். பலர் மறப்பது ஒன்று: அறிக்கை வாசகங்களின் பதிப்புரிமை ஆய்வாளரிடமே இருக்கலாம். நூலில் அப்படியே சேர்க்கும் அனுமதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

முழுப் பொறுப்பையும் ஒரு நிறுவனத்திடம் விடுவது எப்போது சரி? பேச முதியவர் யாரும் இல்லை, ஆவணங்களோ குடும்பத்தார் யாருக்கும் தெரியாத மொழியில் இருக்கின்றன என்றால் மட்டும்.

அடுத்த முடிவு நூலின் திசை. ஒருவரிலிருந்து மேல்நோக்கிப் போனால் அளவு கட்டுக்குள் இருக்கும்: அவரையும் சேர்த்து ஐந்து தலைமுறைக்கு 31 பேர். இதற்கான எண் முறையை 1590-இல் மிகாயேல் ஐட்சிங்கர் பயன்படுத்தினார். தொடங்குபவர் 1 ஆம் எண். எவருடைய எண்ணையும் இரட்டித்தால் தந்தை, அதோடு ஒன்று கூட்டினால் தாய். 12 ஆம் எண்ணின் தந்தை 24, தாய் 25. ஒரு மூதாதையரிலிருந்து கீழே இறங்கினாலோ, தலைக்கு நான்கு பிள்ளை என்று கொண்டால், அடுத்த நான்கு தலைமுறையில் 340 பேர். உறவினர் எல்லாரும் தம் பெயரைத் தேடுவார்கள் என்பதால் விற்பனைக்கும் பரிசுக்கும் இறங்குமுகமே ஏற்றது. ஆனால் புதிதாக ஒரு குழந்தை தெரியவந்தால் எண்கள் குலையும். ஆகவே ஒரு தேதியில் சேர்க்கையை நிறுத்தி, எண்களைக் கடைசியில் மென்பொருளே போடும்படி விடுங்கள். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதியை அச்சிடாதீர்கள், வருடம் போதும்.

மென்பொருள் எதுவானாலும், வம்சாவளித் தகவலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற உதவும் பொது வடிவமான ஜெட்காம் கோப்பாக ஏற்றுமதி செய்ய முடிய வேண்டும். பழைய 5.5.1 வடிவக் கோப்பு படங்களின் இருப்பிடத்தை மட்டுமே சொல்லும், படங்களைச் சுமக்காது. 2021-இல் வந்த 7.0-உடன் படங்களையும் சேர்த்துக் கட்டும் ஜெட்ஜிப் என்ற கோப்பு வடிவம் வந்தது. தமிழ்ப் பெயர்கள் சிதையாமல் வர, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அச்சில், சில பத்துப் பிரதிகளுக்குப் பிரிண்ட் ஆன் டிமாண்ட் (தேவைக்கேற்ப அச்சிடும் முறை) போதும். நூற்றுக்கணக்கில் போனால், மொத்தமாக அச்சிடும் ஆப்செட் முறையில் பிரதிக்கு ஆகும் செலவு இறங்கும். பைண்டிங்கில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பசை போட்ட முதுகு, விரித்து விரித்துப் படிக்கையில் ஏடு ஏடாகக் கழன்றுவிடும். நூலிழையால் தைத்த கட்டும் கெட்டி அட்டையும் கேளுங்கள். தாள், நீடித்து உழைக்கும் தாளுக்கான ஐஎஸ்ஓ 9706 தரத்தில் அமிலமற்றதாக இருக்கட்டும். 5 செ.மீ. அகலப் புகைப்படத்தை 15 செ.மீ.க்குப் பெரிதாக்குவதானால் 900 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 900 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, தரம் குறையாத டிஃப் படக் கோப்பாக வையுங்கள். அச்சில் அது 300 டிபிஐ-யாக நிற்கும். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் பெயரடைவைப் பக்க அமைப்பு முற்றிலும் முடிந்த பிறகே எடுங்கள். அதன் பின் ஒரு பத்தி நகர்ந்தாலும் பக்க எண்கள் பொய்யாகிவிடும்.